குப்புறக் கிடந்த காப்பிக்கொட்டை

என் மேசை இழுப்பறையில் பேனா, பழைய சார்ஜர், தலைவலி மாத்திரை இவற்றோடு ஒரு காப்பிக்கொட்டையும் கிடக்கிறது. வறுக்காத பச்சைக்கொட்டை. நாளாக ஆக வெளுத்துப் பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆபீஸைக் கூட்டிப் பெருக்க வரும் அம்மா அதைக் குப்பை என்று எடுத்துப் போடப் பார்த்தார். "அது இருக்கட்டுங்க" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். "ஏற்காட்டுல காப்பிக்கொட்டைக்கா சாமி பஞ்சம்?" என்று அவர் சிரித்தார். பஞ்சமில்லைதான். ஆனால் இந்த ஒன்றை என் மடிக்கணினியின் மேல் வைத்துவிட்டு மலையிறங்கிப் போனவர் எங்கள் மேடம். வாழ்நாளில் நான் பார்த்தவர்களிலேயே யாரையும் எதையும் நம்பாத மனுஷி அவர்தான். அப்படிப்பட்டவர் விட்டுப்போன பொருள் என்பதால் இதை எறிய மனம் வரவில்லை.

காப்பிக்கொட்டைக்கு ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் வயிறு. வயிற்றுப் பக்கம் தட்டையாக இருக்கும், நடுவில் ஒரு வெட்டு ஓடும். சும்மா போட்டால் பெரும்பாலும் வெட்டு கீழே போய்க் குப்புறப் படுத்துக்கொள்ளும். மேடம் கீழே டீக்கடைக்குப் போவதானாலும் மடிக்கணினியை மூடி, அதன் மேல் ஒரு கொட்டையை மல்லாக்க, வெட்டு மேலே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் போவார். மூடியைத் தூக்கினால் கொட்டை உருண்டு விழும். விழுந்ததைப் பார்த்தவன் எடுத்துத் திரும்ப வைப்பான். "வெக்கிறப்போ குப்புறத்தான் வெப்பானுங்கண்ணா. திருடனா இருந்தாலும் ஒரு பொருள ஆடாம படுக்கவெக்கத்தான் கை போகும்" என்பார். எங்கள் ஆபீஸில் இருந்ததே நாலைந்து பேர். எல்லோரும் இந்த மலையில் பிறந்தவர்கள், ஒருவர் வீட்டுச் சோற்றை மற்றவர் தின்றவர்கள். எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பொறி வைத்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? எனக்கு இருந்தது.

எங்கள் வேலையே அப்படிப்பட்ட வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் ஆபீஸ். சமவெளியிலும் மலையிலும் உள்ள சில கம்பெனிகளின் கணினிகளுக்கு நாங்கள் காவல். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எந்தக் கோப்பைத் திறந்தார்கள், எதை வெளியே அனுப்பினார்கள் என்று ஒவ்வொரு கணினியும் பதிவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவ்வளவையும் மனிதக் கண்ணால் படித்து முடியாது. அதனால் விதிகள் எழுதி வைப்போம். ஒருவன் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டுவிட்டுத் திடீரென்று சரியாகப் போட்டால் மணி அடி. ஆபீஸ் பூட்டிய பிறகு யாராவது கோப்புகளை அள்ளினால் மணி அடி. சேலத்தில் உள்ளே நுழைந்தவரின் பெயரிலேயே கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்தும் யாரோ நுழைந்தால் மணி அடி, ஏனென்றால் எந்த பஸ்ஸும் அவ்வளவு வேகமாகப் போகாது. எழுதுவது சுலபம். எழுதியபின் ஓயாமல் அடிக்கும் மணிகளில் எது நிஜம், எது வீண் என்று பிரிப்பதுதான் பெரும்பாடு. புலி வருது புலி வருது என்று கத்தினவன் கதைதான். வீண் மணி அதிகமானால் நிஜப் புலி வருகிற அன்றைக்கு யாரும் தலை நிமிர மாட்டார்கள்.

நான் நாகலூர்க்காரன், இதே மலையில் ஒரு கிராமம். தாத்தா காலத்தில் கீழேயிருந்து தோட்ட வேலைக்கு ஏறி வந்த குடும்பம். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, கணினி பழகி, கொஞ்சம் நரை விழுந்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். மேடம் என்னைவிட நன்றாக இளையவர். மலையின் அந்தப் பக்கத்தில் சாமையும் மிளகும் காப்பியும் போடும் விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னையில் இதே வேலையைக் கரைத்துக் குடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேடம் என்பேன். வயதுக்கு அவர் மரியாதை, பதவிக்கு நான் மரியாதை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையே கிளம்பிப் போகும்போது, அவர் மட்டும் பிரசாதத்தை யாரிடமாவது வாங்கிவரச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரெல்லாம் கோயிலுக்குப் போகிற நாள்தான் திருடனுக்கு நல்ல நாளாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரிப்போம்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பாறையை நம்பினார். அதுதான் எங்கள் எல்லோரையும் கவிழ்த்தது.

நாகலூரில் மஞ்சு, அதாவது மலையை மூடும் பனி, இறங்கினால் இணையம் போய்விடும். அப்போது ஊரில் யாருக்கு அவசரம் இருந்தாலும் தோட்டத்தைத் தாண்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்குப் போவார்கள். அங்கே கீழே சேலத்தில் இருக்கும் டவரின் சிக்னல் செல்போனுக்குக் கிடைக்கும். பரீட்சை முடிவு பார்க்க, வெளியூரில் இருக்கும் மகளோடு பேச, எல்லாவற்றுக்கும் அதுதான். சிக்னல் பாறை என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. நாங்கள் காவல் பார்த்த கம்பெனிகளில் ஒன்று, சிறு விவசாயிகளிடம் காப்பி வாங்கும் கம்பெனி. அதன் நாகலூர் கிளையில் கணக்கும் கணினியும் பார்த்தது என் மனைவி. மஞ்சு இறங்கினால் அவளும் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பாறைக்குப் போவாள். அங்கே உட்கார்ந்து கம்பெனிக் கணினிக்குள் நுழைந்தால், எங்கள் கருவிக்கு அவள் ஒரு நொடியில் மலையிலிருந்து சேலத்துக்குத் தாவிவிட்ட மாதிரி தெரியும். மணி அடிக்கும். மழைக்காலம் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் அதைப் பற்றிப் பேசினோம். சிக்னல் பாறைதானே என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். மேடமும் சிரித்தார். கல்லூரிக்கு விண்ணப்பம் போட அவரே மலையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து அந்தப் பாறையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். நாகலூர் கிளையின் பெயர்கள் மலைக்கும் சேலத்துக்கும் இடையில் தாவினால் மணி அடிக்க வேண்டாம் என்று ஒரு விலக்கு எழுதி, அவரே அனுமதி கொடுத்தார். வெளியூர்க்காரர் யாராவது அந்த அறையில் இருந்திருந்தால், அதென்ன பாறை, யார் வேண்டுமானாலும் அந்த ஓட்டையில் நுழையலாமே என்று கேட்டிருப்பார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சொந்த ஊர்ப் பாறையை யார் சந்தேகப்படுவார்கள்?

தை மாதத்தில், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, அந்தக் காப்பி கம்பெனியிலிருந்து போன் வந்தது. எந்தத் தோட்டத்துக் காப்பி எப்படி ருசித்தது என்று அவர்கள் ரகசியமாக வைத்திருந்த குறிப்புகள் போட்டிக்காரர் கைக்குப் போயிருக்கின்றன. நல்ல காப்பி விளைந்த தோட்டங்களாகப் பார்த்து அந்த ஆட்கள் முந்திக்கொண்டு போய் நிற்கிறார்கள். பதிவுகளைத் தோண்டிப் பார்த்தால், கோப்புகளை எடுத்தது என் மனைவியின் பெயரில். எடுத்த இடம் சேலம். எங்கள் விலக்கு இருந்ததால் மணி அடிக்கவே இல்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

மேடம் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அண்ணா, லேப்டாப்ப இங்கயே வெச்சுட்டு ஊட்டுக்குப் போங்க. நாஞ் சொல்றவரைக்கும் எதையும் தொட வேண்டாங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என்னையும் சந்தேகப்படறீங்களா மேடம்?" என்று கேட்டேன். "ஆமாங்கண்ணா" என்றார். இல்லை என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. நாகலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். ஊரில் செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பஸ் இறங்கியதும் எப்போதும் பேச்சுக் கொடுக்கும் கடைக்காரர் தராசைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

மனைவி வாசலில் காப்பிக்காயைக் காயப்போட்டு, கையால் கிளறிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, உங்க மேடத்துக்கு நான் திருடியாட்டத் தெரியறனுங்களா?" என்றாள். "மேடம் எல்லாரையும் அப்படித்தான் பாக்கும்" என்றேன். "எல்லாரையும் பாக்கட்டும். என்ற பேரு போச்சுன்னா யாரு திருப்பித் தருவாங்க? வெவசாயிங்க நாளைக்கி என்ற மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசுவாங்களா?" அவள் அழவில்லை. காயைக் கிளறும் கை மட்டும் வேகமாகப் போனது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். கனமே இல்லாதவளை ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பழமொழி எதற்கும் உதவாது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் மேடமே நாகலூருக்கு வந்து இறங்கினார். நல்ல வெயில், மலை துல்லியமாகத் தெரிந்தது. வீட்டுக்குள் வரவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வாங்கிக் குடித்தால் வேண்டியவர் ஆகிவிடுவோம் என்ற எண்ணமோ என்னவோ. "அக்கா, அந்தப் பாறைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டார். நான் பின்னாலேயே போனேன். போகும் வழியெல்லாம் அவர் தரையைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், நின்று நின்று சிக்னல் எங்கே மாறுகிறது என்று பார்த்தார். பாறையை அடைந்ததும் கேட்டார்.

"இந்த மாதிரி வெயில் அடிக்கற நாள்ல இங்க வருவீங்களாக்கா?"

"எதுக்குங்க வரணும்? ஆபீஸ்லயே நல்லா வருதுங்களே. மஞ்சு எறங்கி லைன் போனாத்தான் வருவேன். இங்க காட்டுமாடு நொம்பச் சுத்துதுங்க. வேணும்னு யாராச்சும் வருவாங்களா?"

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்லீங்க."

மேடம் தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினார் என்று நினைத்தேன். "நீங்க சொல்றத வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண மாட்டனுங்க. போயிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். என் மனைவி அவர் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் நார் உரித்தாலும் இந்தப் பெண்ணிடம் ஒரு நல்ல சொல் வாங்க முடியாது என்று நான் முணுமுணுத்தேன். மனைவி மட்டும், "அவங்க கேக்கவாச்சும் கேட்டாங்க" என்றாள்.

மேடம் போய்ப் பார்த்தது இதைத்தான். ஒவ்வொரு கிளை ஆபீஸிலும் எங்கள் பெட்டி ஒன்று இருக்கும். லைன் உயிரோடு இருக்கும்வரை, இருக்கிறேன், இருக்கிறேன் என்று விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். மஞ்சில் லைன் செத்தால் குரல் நிற்கும். என் மனைவி பாறைக்குப் போன நாட்களில் எல்லாம் முதலில் குரல் நின்றிருக்கிறது, அப்புறம் அவள் பெயர் சேலத்துக்குத் தாவியிருக்கிறது. கோப்புகள் திருடுபோன நாட்களிலோ பெட்டியின் குரல் ஒரு கணமும் நிற்கவில்லை. எல்லாம் வெயில் நாட்கள். அவள் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பெயர் சேலத்தில் இன்னொரு கணினியில் நுழைந்திருக்கிறது. லைன் சாகாமல் யாராவது தாவினால் மணி அடி என்று மேடம் புது விதி எழுதி, பழைய பதிவுகளின் மேல் ஓடவிட்டார். திருட்டு நடந்த ஒவ்வொரு நாளும் மணி அடித்தது. மற்ற எந்த நாளும் அடிக்கவில்லை.

அந்தக் கம்பெனியின் சேலம் ஆபீஸோடு வீடியோவில் பேசும்போது என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க. அந்தம்மாவோட ஊட்டுக்காரரு உங்க ஆபீஸ்லதான இருக்காரு? அவரே பதிவ மாத்தி வெச்சிருந்தா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் என்ன சத்தியம் செய்தாலும் செல்லாது. மேடம் குரலை உயர்த்தாமல் சொன்னார். "அண்ணன் இங்க சேந்த நாள்ல இருந்தே அவரு மேல ஒரு ரூல் ஓடுதுங்க. அவரு எந்தப் பதிவத் தொட்டாலும் எனக்குத் தனியா வரும். உங்க கம்பெனி பதிவுல ஒரு எழுத்தக்கூட அவரு மாத்துல. அத்தனையும் அனுப்பறேன், நீங்களே பாத்துக்கோங்க." பிறகு அவர்கள் பங்குக்குத் தேடி, எல்லோருடைய கடவுச்சொல்லையும் அமைத்துக் கொடுத்த அவர்களுடைய சேலம் ஆள் ஒருவரிடமே போய் நின்றார்கள். மழைக்காலத்தில் நாகலூருக்குக் கணினி சரிசெய்ய வந்தபோது, என் மனைவியோடு பாறைவரைக்கும் நடந்து போய், அவள் பெயர் சேலத்தில் தெரிந்தாலும் யாரும் கேட்பதில்லை என்பதுவரை தெரிந்துகொண்டு போனவர்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை. என் மனைவியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். விவசாயிகளிடம், அவள் மேல் தவறில்லை என்று அந்த அதிகாரியே மலையேறி வந்து சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள். அவரும் வந்து சொன்னார்.

எனக்கு மட்டும் மனது ஆறவில்லை. அவ்வளவு நாளும் என் முதுகில் ஒரு கண் இருந்திருக்கிறது. அந்தக் கண்தான் என் வீட்டைக் காப்பாற்றியது என்பதும் தெரிகிறது. நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கோவமுங்களாண்ணா?"

"சொல்லியிருக்கலாமுங்களே மேடம்."

"சொன்னா அதுக்குப் பேரு காவலுங்களா? என் மேலயும் ஒண்ணு ஓடுதுங்க. நான் எதத் தொட்டாலும் உங்களுக்கு மணி அடிக்கும். நீங்க அத ஒரு நாளாச்சும் தொறந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்த மணிகள் எனக்கு வந்துகொண்டுதான் இருந்தன. மணியை மூடும்போது காரணம் எழுத வேண்டும். நான் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலே, 'மேடம்தான்' என்று எழுதி மூடிக்கொண்டிருந்தேன். மேலே இருப்பவரை வேவு பார்ப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு. எஸ்டேட்டில் துரையின் பெட்டியை யார் திறந்து பார்த்தார்கள்? "அந்த ஒரு வார்த்தைய எழுதி எழுதியே நீங்க என்னைய முழுசா தொறந்து விட்டுட்டீங்க. நான் திருடியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தப் பாறையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அந்த விலக்குக்குத் தானே அனுமதி கொடுத்ததற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

கொஞ்ச காலத்தில் பெங்களூரில் பெரிய வேலை கிடைத்து அவர் கிளம்பிவிட்டார். கடைசி நாள் மாலை பூங்கொத்து, கேக், பேச்சு ஒன்றும் வேண்டாம் என்றார். நான் பஸ்ஸைப் பிடிக்க முன்னதாகவே போய்விட்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் என் மூடிய மடிக்கணினியின் மேல் ஒரு காப்பிக்கொட்டை. குப்புறக் கிடந்தது.

அவர் வைத்திருந்தால் மல்லாக்க அல்லவா வைத்திருப்பார். யாரோ மூடியைத் தூக்கி, உருண்டதை எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறார்கள். அவரிடம் இவ்வளவு காலம் குப்பை கொட்டியவன் வேறு எப்படி நினைப்பான்? பையைக்கூடக் கீழே வைக்காமல், வேறொரு கணினியில் உட்கார்ந்து என் கணினியின் பதிவுகளை இழுத்துப் பார்த்தேன். முந்தின நாள் நான் மூடியதற்குப் பிறகு அது திறக்கப்படவே இல்லை. ஒருவரும் தொடவில்லை. அப்படியானால் அதை அப்படியே, குப்புறத்தான் அவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பொறியாக வைக்கவில்லை. சும்மா ஒரு கொட்டையாக வைத்திருக்கிறார்.

அப்போதும் சந்தேகம் விடாமல் விதிகளையும் திறந்து பார்த்தேன். என் மேல் ஓடிய விதி முந்தின மாலை நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தினவர் மேடம். காரணம் எழுதும் இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'அண்ணாதான்.'

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "அன்னைக்கு அந்த ரூல் ஓடலைன்னா நம்ம கதி என்னாயிருக்குமுங்க?" என்றாள். நானும் வரும் வழியில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாளே புதிதாக வந்த மேனேஜரிடம் சொல்லி என் மேல் அந்த விதியை மறுபடி ஓடவைத்தேன். நானே கேட்டு என்னைக் காவலில் போட்டுக்கொள்வதை அவர் விநோதமாகப் பார்த்தார். அவர் மேலும் ஒன்று ஓடுகிறது. மணி அடித்தால் நான் திறந்து, முழுதாகப் படித்துவிட்டுத்தான் மூடுகிறேன்.

இழுப்பறையைத் திறக்கும்போது சில நேரம் அந்தக் கொட்டை உருண்டு மல்லாந்துவிடுகிறது. நான் அதைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு மூடுகிறேன்.